கரண்டக்காவின் சிவப்புப் பெட்டிகள்

அவர் ஒரு சுவருக்கு முன்னால் வந்தால் முதலில் குந்துவார். குந்தியபடி அண்ணாந்து சுவரைப் பார்ப்பார். பிறகு வலது கையை நீட்டி, எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். எழும்பும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போடும். அந்தக் கோடு நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு முழம் கீழே இருக்கும்.

வயது நாற்பது இருக்கலாம். சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடும் நீலச் சட்டை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் ஒரு பென்சில் துண்டும். வேலை ஆயுதங்களை எல்லாம், மீனை ஐஸில் போட்டு அனுப்புகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றில் வைத்து ஸ்கூட்டியின் பின்னால் கட்டியிருப்பார். காலையில் பாப்பாமோட்டையில் இருந்து புறப்பட்டு, பெரிய பாலத்தைக் கடந்து தீவுக்குள் வருவார். பாடசாலைப் பிள்ளைகள் முதல் நாளே அவருக்குக் 'கரண்டக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் என்னுடைய பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே அது தேவையில்லை.

அப்போது நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மன்னாரில் இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மகள் படித்த கரையோரப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். பாடசாலைக்குப் புதிதாக ஒரு மாடி கட்டியிருந்தார்கள். தீ அலாரம் இல்லாமல் மாடியில் வகுப்பு நடத்தக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ஆளைப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை வீடுகளுக்கு வயரிங் மட்டுமே செய்துவந்த இவரை ஒரு நண்பர் காட்டினார். பாடசாலை வேலை அவருக்கு அதுதான் முதல் தடவை.

அலாரத்தில் எனக்குத் தெரியாத ஒரு பகுதி இருந்தது. நெருப்பைக் கண்டவர் ஓடிவந்து உள்ளங்கையால் அமத்துகிற சின்னச் சிவப்புப் பெட்டி. அதை அமத்தினால்தான் பாடசாலை முழுக்கச் சத்தம் கேட்கும். எந்தப் பெட்டி, எத்தனை, எங்கே, எந்த உயரத்தில் என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் வைத்தோம்.

அதிபர் ஒரு அருட்சகோதரி. கண்டிப்பானவர், நியாயமானவர். "ஒண்டு போதும், என்ர கந்தோருக்குள்ள வைப்பம்," என்றார். "நெருப்பு எண்டால் என்னட்ட வந்து சொல்லட்டும். நான் அமத்துறன்."

கரண்டக்கா, "சொல்லாதீங்கோ சிஸ்ரர், ஓடிக் காட்டச் சொல்லுங்கோ," என்றார்.

ஓடிக் காட்டியவர் காவலாளி. அறுபதைத் தாண்டியவர், முன்பு வள்ளத்தில் தொழில் செய்தவர். கடைசி வகுப்பறையில் இருந்து அதிபரின் கந்தோருக்கு ஓடச் சொன்னார்கள். பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நெருப்பைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ பிள்ளை, மூச்சு வாங்கியிட்டு வாறன்," என்றார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கே பெட்டிகள் நான்கு என்று முடிவானது: கீழ் விறாந்தையின் இரண்டு முனைகளில் ஒவ்வொன்று, மாடிப்படியடியில் ஒன்று, தாய்மார் முறை வைத்துச் சமைக்கும் குசினி வாசலில் ஒன்று.

சொல்வதை நம்பாமல் செய்து காட்டச் சொல்வதுதான் அவருடைய குணம் என்று எனக்கு அன்று தெரியவில்லை. வேலைத் தந்திரம் என்று நினைத்தேன். ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். கிணற்று மோட்டர் வேலை செய்யவில்லை என்று என் மனைவி சொன்னார். "போட்டுக் காட்டுங்கோ அக்கா," என்றார் கரண்டக்கா. மனைவி சுவிச்சைப் போட்டார், மோட்டர் ஓடியது. மனைவிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர் விடவில்லை. "நேத்து எப்பிடிப் போட்டனீங்கள், ஈரக் கையோடயோ? அதே மாதிரிப் போடுங்கோ." கையை நனைத்து, துணிப்பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்கையால் போட்டுக் காட்டினார் மனைவி. சுவிச்சு பாதியில் நின்றது. அதுதான் கோளாறு.

பெட்டிகளைத் தெரிந்தெடுத்த கதையும் இப்படித்தான். கடையில் இருந்து மூன்று வகை மாதிரி கொண்டுவந்தார். ஒன்று கண்ணாடியை உடைப்பது. ஒன்று கண்ணாடி இல்லாமல் பிளாஸ்டிக் தகட்டை அமத்துவது. பிறகு ஒரு சின்னச் சாவியால் பழையபடி எடுத்துவிடலாம். மூன்றாவதும் அதே மாதிரித்தான். ஆனால் மழைத்தண்ணி போகாமல் ரப்பர் வைத்து அடைத்தது, முன்னால் தூக்கித் திறக்கும் தெளிவான மூடி. மூன்றாவது விலை கூட. கடைக்காரர் மூன்றுமே பத்து வருடம் பாவிக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டிவிட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அங்கே தெரிந்த ஒருவரின் மீன்வாடிக் கொட்டிலில், வலை காயப்போடும் கம்பில், மூன்றையும் கட்டித் தொங்கவிட்டார். சரியாக ஒரு மாதம். சோளகக்காற்று மண்ணையும் உப்பையும் வாரி அடிக்கிற காலம். மாதம் முடிந்ததும் எங்களை அங்கேயே வரச் சொல்லி, அதிபரின் முன்னால் ஒவ்வொன்றாக அமத்தினார். கண்ணாடிப் பெட்டியின் ஆணிகள் துரு வடித்திருந்தன. கண்ணாடி உடைந்தது, உள்ளே இருந்த சுவிச்சு அசையவில்லை. இரண்டாவது ஒட்டிக்கொண்டு, மூன்றாவது தடவைதான் விட்டது. ரப்பர் அடைத்தது 'டக்' என்றது. அதிபர் அதையே வாங்கச் சொன்னார்.

மீனைத் தரம் பிரித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், "என்ன அக்கா, பெட்டியைக் கருவாடு போடுறீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். கருவாடாகாததைத்தான் வாங்கப்போறம்."

சத்தத்தை எப்படி வைப்பது என்பதில் மட்டும் அவர் பிழைவிட்டார். சைரன் வாங்கத்தான் முதலில் யோசித்தார். காவலாளி தடுத்தார். "சைரன் வேண்டாம் பிள்ளை. எங்கட வயசுக்காரர் ஓடமாட்டினம். குப்புறப் படுத்திடுவினம்." போர்க்காலத்தை அவர் அதற்கு மேல் விளக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஆகவே கரண்டக்கா மின்மணிகளைப் பொருத்தினார். நல்ல கணீரென்ற மணி.

முதல் ஒத்திகையை மதியம் பன்னிரண்டு மணிக்கு வைக்கச் சொன்னார் அதிபர். அது பாடவேளை மாறும் நேரம், படிப்புக் குழம்பாது. கரண்டக்கா முற்றத்தின் நடுவில் நின்றார். நான் கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றேன். காவலாளி பெட்டியை அமத்தினார். மணி அடித்தது. எல்லா வகுப்பிலும் கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. நல்லது என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் நின்றது. ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை.

முந்நூறுக்கு மேற்பட்ட குரல்கள் திரிகாலச் செபத்தைத் தொடங்கின.

கத்தோலிக்கக் கிராமம் அது. மதில் ஓரத்தில் கோயில். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால், நிற்கிற இடத்தில் நின்று செபிப்பது எங்கள் பழக்கம். வேறு சமயப் பிள்ளைகளும் மரியாதைக்கு எழும்பி நிற்பார்கள். விறாந்தையில் வந்துகொண்டிருந்த அதிபர் அப்படியே நின்று கைகூப்பினார். காவலாளி, தான்தான் மணியை அடித்தவர் என்பதையும் மறந்து, தொப்பியைக் கழற்றிவிட்டார். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. நானும் கண்ணை மூடினேன்.

கரண்டக்கா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பாப்பாமோட்டைச் சைவக் குடும்பம். அதிலும் பிறந்து இரண்டு வயதில் தமிழ்நாட்டு முகாமுக்குப் போய், நடுத்தர வயதில் திரும்பி வந்தவர். பதற்றம் வந்தால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "ஏங்க, என்னங்க நடக்குது? யாராவது சொல்லுங்களேன்!" என்றார். அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி உண்மையாகவே அடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சில வகுப்புகள் முதலில் இருந்து மறுபடியும் தொடங்கின.

எல்லாம் முடிந்த பிறகு, "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே," என்றார்.

"நீங்கள் கேக்கேல்லயே பிள்ளை," என்றார் காவலாளி.

"ஓம். பிழை என்ரதான்."

அடுத்த மூன்று நாளும் வேலை இல்லாமலே பன்னிரண்டு மணிக்கு வந்து முற்றத்தில் நின்று கேட்டார். நான்காம் நாள் மின்மணிகளைக் கழற்றினார். "சூன் பாண் ஓட்டோவின்ர பாட்டைப் போடுங்கோ, ஒரு பிள்ளையும் உள்ளுக்கு நிக்காது," என்றார் காவலாளி. தெருத்தெருவாகப் பாணும் பணிசும் விற்கும் அந்த முச்சக்கரவண்டியின் பாட்டுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படலையைத் தாண்டி ஓடுவது உண்மைதான். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கடைசியில், இரண்டு குரலில், விட்டுவிட்டு, மாறி மாறிக் கத்துகிற ஒரு மின்குழலைக் கொண்டுவந்து வைத்தார். கோயிலிலும் கேட்காத, போரிலும் கேட்காத, பாண் வண்டியிலும் கேட்காத சத்தம் அது.

உயரத்துக்காகத்தான் அதிபரோடு மோதல் வந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் நாளுக்குப் பத்துத் தரம் அமத்துவார்கள் என்றார் அதிபர். "ஒருக்காலும் அமத்தாத பிள்ளைதான் சிஸ்ரர் ஆசையில அமத்தும்," என்றார் இவர். அலாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டிகளில் ஒரு சின்ன விளக்கை இணைத்தார். ஒரு வியாழக்கிழமை காலை முழுவதும் பாடசாலையே வரிசையில் வந்து, ஒருவர் ஒருதடவை அமத்தியது. மூடியைத் தூக்கு, உள்ளங்கையால் அமத்து, விளக்கைப் பார், போ. ஒவ்வொரு பெயருக்கும் கொப்பியில் ஒரு சரி போட்டார். சமைக்க வந்த தாய் ஒருவர், "எனக்கு ஏன் பிள்ளை, நான் சோறு போட வாறனான்," என்று ஒதுங்கினார்.

"நெருப்பே உங்களிட்டத்தானே அக்கா இருக்கு. வாங்கோ."

கடைசியாக அதிபரிடம் வந்தார்.

"எனக்கு ஒரு பெட்டி அமத்தத் தெரியாதோ?" என்றார் அதிபர்.

"தெரியும் சிஸ்ரர். ஆனா அமத்தேல்ல."

அதிபர் சிரித்துக்கொண்டு கந்தோருக்குள் போய்விட்டார். கொப்பியில் கடைசிப் பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து முதல் பொய் அலாரம் அடித்தது. காவலாளி குற்றவாளியை ஒரு பிடி புல்லைக் காட்டி முற்றத்துக்குக் கூட்டிவந்தார். "சிஸ்ரர், கள்ளனைப் பிடிச்சிட்டன்." அது ஒரு கழுதை. எங்கள் தீவில் கழுதைகளுக்கு ஊரடங்கு இல்லை. விறாந்தைத் தூணில் உடம்பை உரசும்போது மூடி எழும்பி, பெட்டி அமந்திருக்கிறது. தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட கரண்டக்கா சொன்னது இது: "கழுதையை விட்டிடாதீங்கோ. வாறன். எப்பிடி உரசினது எண்டு பாக்கவேணும்." வந்து, கழுதையைத் தூணடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, எதிரே குந்திக்கொண்டு காத்திருந்தார். இருபது நிமிடம். கழுதை உரசியது. பெட்டியைத் தூணின் உட்பக்கத்துக்கு மாற்றினார், உயரத்தை மாற்றவில்லை.

இரண்டாவது பொய் அலாரம் புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சை நடக்கும்போது அடித்தது. அமத்தியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சத்தம் எழும்பியது. அதிபர் பட்டறையில் நான்கு இரும்புப் பெட்டிகள் செய்வித்தார். சிவப்புப் பெட்டிகளை மூடி, மாங்காய்ப் பூட்டுப் போட்டு, சாவியைக் கந்தோரில் வைப்பதுதான் திட்டம்.

"இந்தத் தவணை முடியும் வரைக்கும் பொறுக்கிறன்," என்றார் கரண்டக்காவிடம். "அதுக்குள்ள இன்னொரு பொய் அலாரம் அடிச்சால், இந்த இரும்புப் பெட்டியளை நீங்களேதான் வந்து பொருத்தவேணும்."

"சரி சிஸ்ரர்," என்றார்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டியில் ஏறாமல் நின்றார். "பூட்டிப் போட்டால் அது அலாரம் இல்ல, சுவரில ஒரு படம். அதைப் பொருத்த என்ர கை வராது. மற்ற ரெண்டு பள்ளிக்கூடம் இஞ்ச எப்பிடிப் போகுது எண்டு பாத்துக்கொண்டு நிக்குது. இது பிழைச்சுதெண்டால் நான் திரும்ப வீட்டு ஃபான் பூட்டத்தான் போகவேணும்," என்றார். அவர் தன்னைப்பற்றி என்னிடம் நீளமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று நான் பத்திரிகைக்காரன் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். முகாமில் நெருப்பு ஏதும் பிடித்ததா, வீட்டில் யாருக்கும் ஏதும் நடந்ததா?

என்னை ஒருதரம் பார்த்தார். "எழுதக் கதை தேடுறீங்களோ? ஒண்டும் எரியேல்ல. எங்கட வரிசைக்கு ஒரு லைட். அதுக்கு ஒரே ஒரு சுவிச்சு, வெளியால, உயரத்தில. பொம்பிளையளுக்கும் பிள்ளையளுக்கும் எட்டாது. அமத்த ஒரு தடி வச்சிருந்தம். தடி துலைஞ்சால் அண்டைக்கு இருட்டு. அவ்வளவுதான்."

செய்திக்கு அது போதாது. எழுதவில்லை.

தவணையின் கடைசிக் கிழமை, ஒரு புதன்கிழமை, பத்து மணி அளவில் மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். காவலாளி தொலைபேசியில் அழைத்தார். "அடிச்சிட்டுது தம்பி. நெருப்பைக் காணேல்ல." நான் போகும்போது பிள்ளைகள் முற்றத்தில் வகுப்பு வகுப்பாக நின்றார்கள். கரண்டக்காவும் வந்து சேர்ந்திருந்தார், ஹெல்மெட் கையில். கந்தோர் வாசலில் நான்கு இரும்புப் பெட்டிகளும் அடுக்கியிருந்தன.

"ஆர் அமத்தினது?" என்று கேட்டார் அதிபர்.

இரண்டாம் வகுப்பு வரிசையில் ஒரு கை எழும்பியது. மெலிந்த பிள்ளை, முன்பல் இல்லை. "நான்தான் சிஸ்ரர்."

"ஏன்?"

"மணந்தது."

"என்ன மணந்தது?"

"ரப்பர்."

வகுப்பாசிரியை குறுக்கிட்டார். "நான் உள்ளுக்குத்தான் நிண்டனான் சிஸ்ரர். எனக்கு ஒண்டும் மணக்கேல்ல."

அதிபர் கரண்டக்காவைப் பார்த்தார். கரண்டக்கா பிள்ளையிடம் போனார். "எங்க இருந்தனீங்கள் அம்மா? இருந்து காட்டுங்கோ."

பிள்ளை வகுப்பறைக்குள் போய், பின் மூலையில் இருந்த பெரிய அலுமாரிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது. விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்ததையும் செய்து காட்டியது. நாங்கள் எல்லோரும் நின்று மூச்சை இழுத்தோம். சுண்ணாம்பு மணமும் கடல் காற்றும்தான். ஆசிரியை தலையை ஆட்டினார். கரண்டக்கா குந்தப்போனார்.

"நில்லுங்கோ," என்றார் அதிபர். "நான் பாக்கிறன்."

வெள்ளை அங்கியை ஒதுக்கிக்கொண்டு, சுவரில் ஒரு கை ஊன்றி, மெதுவாகக் குந்தினார். தலையைப் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இரண்டு தரம் மூச்சை இழுத்தார்.

"ஓம்," என்றார். "மணக்குது."

கரண்டக்கா முதலில் அந்த அறைக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினார். காவலாளியும் நானும் அலுமாரியை இழுத்தோம். அதன் பின்னால் குடிதண்ணியைச் சுத்தமாக்கி வடிக்கும் மெசினின் பிளக் ஒன்று சுவரில் சொருகியபடி இருந்தது; பாதி உருகி, மண்ணிறமாகி, சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கருமை. அலுமாரியின் பின்பலகையும் கருகத் தொடங்கியிருந்தது. பலகைக்கு மறுபக்கம், கீழ்த்தட்டில், நத்தார் ஒளிவிழா நாடகத்தில் தேவதூதர்களுக்குக் கட்டும் சம்மனசுச் செட்டைகள் இருந்தன. பஞ்சும் கடதாசியும்.

கரண்டக்கா பிளக்கைக் கழற்றி அதிபரிடம் நீட்டினார். "கையில வச்சுப் பாருங்கோ சிஸ்ரர்."

அதிபர் வாங்கினார். உடனே மற்றக் கைக்கு மாற்றினார்.

பிறகு பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் தலையில் ஒருதரம் கையை வைத்தார். கரண்டக்கா பாடசாலையில் இருந்த எல்லாப் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து முடிக்க மதியம் நெருங்கிவிட்டது.

காவலாளி இரும்புப் பெட்டிகளைக் காட்டி, "சிஸ்ரர், இதுகளை என்ன செய்யிறது?" என்றார்.

"ஒண்டைப் பள்ளிக்கூடக் கிணத்து மோட்டருக்குப் போடுங்கோ. மிச்சத்தை உங்கட வாடிக்குக் கொண்டு போங்கோ."

கரண்டக்கா ரெஜிபோம் பெட்டியில் இருந்து கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "சிஸ்ரர், நீங்கள் ஒராள்தான் மிச்சம்."

"இப்பவோ? அலாரம் கழட்டேல்லயே."

"கழட்டேல்ல."

அதிபர் மாடிப்படியடிக்கு நடந்தார். பெட்டி அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. குனிந்து, மூடியைத் தூக்கி, உள்ளங்கையால் அமத்தினார். அந்தச் சத்தம் எழும்பியது. பாடத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கதிரைகளைத் தள்ளிவிட்டு முற்றத்துக்கு வந்தார்கள். குசினியில் இருந்து தாய்மார் கரண்டியோடு வந்தார்கள். வகுப்பறைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. கரண்டக்கா குந்தி, கொப்பியை முழங்காலில் வைத்து, காலியாக இருந்த இடத்தில் ஒரு சரி போட்டார். பிறகு சாவியால் பெட்டியைப் பழையபடி எடுத்துவிட்டார்.

சத்தம் அடங்கியதும் கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு. முற்றத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். நடுவில் கரண்டக்காவும் ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை.